கொசுவலைக்குள் காட்டு உளுந்து

கண்ணாயிரத்தின் உளுந்து வயல் முழுக்க மஞ்சள் நோய். சேத்தியாத்தோப்பு பக்கம் எல்லா வயலுக்கும் அதே கதிதான். பார்க்க வந்த அதிகாரிகள் எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மஞ்சள் போகவில்லை.

வாய்க்கால் கரையில் தானாக முளைத்த காட்டு உளுந்து மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அதை முதலில் பார்த்தவள் அவர் மகள் சிந்துஜா. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

சிதம்பரத்திலிருந்து வந்த விதை ஆராய்ச்சியாளர் ஸ்ரீமதியின் கையைப் பிடித்து அங்கே இழுத்துப் போனாள்.

"இதுக்கு மட்டும் நோய் வரலயேக்கா, ஏன்?"

குனிந்து பார்த்த ஸ்ரீமதி வெகுநேரம் நிமிரவில்லை.

"இதையும் நம்ம உளுந்தையும் சேத்து, நோய் தாங்குற புது ரகம் பண்ணிப் பாக்கலாம். இருபது விதையாவது வேணும். முத்தினதா எடுத்து வை. சனிக்கிழமை வரேன்."

கண்ணாயிரம் சிரித்தார். "விதை குடுக்க வர்றவங்களப் பாத்திருக்கேன். களைச்செடிகிட்ட விதை கேக்குறவங்கள இப்பத்தான் பாக்குறேன்!"

சிந்துஜா அதைக் காதில் வாங்கவில்லை. காய் நன்றாகக் கறுக்கட்டும் என்று காத்திருந்தாள். வயல் உளுந்துக்கு அதுதானே வழக்கம்? எல்லாக் காயும் காய்ந்தபின் செடியோடு பிடுங்கிக் களத்தில் அடிப்பார்கள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் ஓடிவந்து பார்த்தாள். காய்கள் வெடித்து முறுக்கிக் கிடந்தன. உள்ளே ஒரு விதைகூட இல்லை. மண்ணைத் துழாவினாள். கறுப்பு மண், கறுப்பு விதை. எறும்பு கடித்ததுதான் மிச்சம்.

"யாராவது வந்து அறுப்பாங்கன்னு காட்டுச்செடி காத்திருக்குமா? வெயில் ஏறினா தானே வெடிச்சித் தூக்கிப் போட்டுடும்" என்றார் அப்பா.

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னாப்பா?"

"நீ கேட்டியா?"

சிந்துஜா கிளை கிளையாகத் தேடினாள். ஒரு கிளையில் இன்னும் நாலைந்து காய் இருந்தது. முற்றாமல் பறித்தால் முளைக்காது. விட்டால் வெடித்துவிடும்.

வெடிக்கட்டும்!

வீட்டுக்கு ஓடினாள். கொசுவலையில் ஒரு துண்டை வெட்டி வந்து, கிளையைப் பைபோல மூடி இறுக்கிக் கட்டினாள்.

சனிக்கிழமை ஸ்ரீமதி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வலைக்குள் 'பட்' என்றது. அப்புறம் 'படபட'. எல்லாம் ஓய்ந்ததும் சிந்துஜா முடிச்சை அவிழ்த்து எண்ணினாள்.

"இருபத்து மூணுக்கா!"

"கெட்டிக்காரி! ஆனா புது ரகம் வர பத்து வருஷம் ஆவும். வராமயும் போவலாம்."

"அப்ப எனக்கு இருபது வயசு. வரலன்னா மறுபடி புடிச்சித் தரேன்."

சாயங்காலம் கரையில் களை செதுக்கப் போன கண்ணாயிரம், அந்தச் செடியை மட்டும் விட்டு, சுற்றி நாலு குச்சி நட்டுவிட்டு வந்தார்.

"ஆடு மேஞ்சிடும், அதான்" என்றார். "மொதல்ல அந்தக் கொசுவலயத் தச்சி வை. ரெண்டு நாளா கொசு என்னைத் தின்னுது!"