திசையளவி சொன்ன வயது

நிறுவனத்தில் எல்லோருக்கும் வயது பார்க்கும் நாளில், இயக்குநர் தில்லைநாயகிதான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தார். தான் செய்த கருவிக்குத் தானே பல்லைக் காட்டாவிட்டால் எப்படி? கடைவாய்ப் பல்லில் கடுகில் பாதியளவு சுரண்டி எடுத்தார்கள்.

திசையளவி என்ற அந்தக் கருவி வந்த ஒரே வருடத்தில் பிறப்புச் சான்றிதழை யாரும் சீந்தவில்லை. பல்லுக்குள் உள்ள சில மூலக்கூறுகள் தொடக்கத்தில் இடக்கை வடிவத்தில் இருக்கும். வயது ஏற ஏற ஒவ்வொன்றாக அதன் கண்ணாடிப் பிம்பமான வலக்கை வடிவத்துக்கு மாறும். அவற்றை ஆவியாக்கிச் திருகுபோல் சுழன்று செல்லும் ஒளியைப் பாய்ச்சினால் எலக்ட்ரான்கள் தெறிக்கும். இடக்கை என்றால் முன்பக்கம் அதிகம், வலக்கை என்றால் பின்பக்கம். திசைகளை எண்ணினால் வயது வந்துவிடும். "மனுஷன் பொய் சொல்வான், எலக்ட்ரான் சொல்லாது" என்று தில்லைநாயகி மேடைக்கு மேடை முழங்கினார். முழங்கட்டுமே, உலகில் வேறு யாரும் செய்யாத வேலை!

நிர்வாக அலுவலர் செல்வின் தாளோடு தயங்கித் தயங்கி வந்தார்.

"மேடம், அறுபத்தோரு வயசு நாலு மாசம்னு காட்டுது. ரெக்கார்டுல அம்பத்தொம்பதுதான்."

ஓய்வு வயது அறுபது. எட்டு மாதத்தில் ஒரு திசையளவி உயிர் தேடிச் செவ்வாய்க்குப் போகிறது; அங்கே மூலக்கூறுகள் ஒரே கையாக இருந்தால் உயிர் உண்டு என்று பொருள். அதை அனுப்பிவிட்டுத்தான் ஓய்வு என்று இருந்தார். தானே மூன்று முறை அளந்தார். அதே வயதுதான். கோவில்பட்டியிலிருந்த அப்பாவை அழைத்தார்.

"ஒண்ணாப்புல சேக்கையில ஹெட்மாஸ்டர் ரெண்டு வயசு குறைச்சுப் போட்டாரும்மா. எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். பின்னால ரெண்டு வருசம் கூட வேலை பாக்கட்டுமேன்னு நானும் சரின்னுட்டேன்."

செல்வின் குரலைத் தாழ்த்தினார். "இந்த அளவீட்டுல பிழைன்னு ஒரு வரி எழுதுங்க மேடம். யாரு கேக்கப் போறா?"

"என் கருவியில பிழையா? இதை நம்பி எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கோம்!" 'அளவீடு சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

செல்வின் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "ஓய்வு வயசுக்குப் பிறகு போட்ட கையெழுத்து எதுவும் செல்லாது மேடம். திசையளவிக்கு அனுமதி குடுத்ததும் உங்க கையெழுத்துதான். பதிமூணு மாசம் முன்னாடி."

கருவி சொல்வது சரி என்றால் கருவியே செல்லாது. வயது தாண்டியதென்று அதை நம்பி வீட்டுக்கு அனுப்பிய நர்சுகள், ஓட்டுநர்கள், ஆசிரியர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள். அரசு ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் ஆணை ஒன்று போட்டது. தில்லைநாயகியின் வயது ஐம்பத்தொன்பது. மறுத்துப் பேசுவது தண்டனைக்குரியது. அவர் பல்லை எவரும் அளக்கக் கூடாது.

நாற்காலி கிடைத்தது, செவ்வாயும் கிடைத்தது. ஆணையை இருமுறை படித்த தில்லைநாயகி, அதைச் செல்வினிடமே கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார். செய்தியாளர்கள் சூழ்ந்துகொண்டு வயதைக் கேட்டார்கள்.

"அறுபத்தொண்ணு" என்றார், தலை நிமிர்ந்து. அங்கேயே கைது செய்தார்கள்.