ஏழு சாண் குதிரை

"சின்னத்தா, உங்களுக்குக் குதிரை ஏறத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"ஏன் தெரியாது?"

"ஏறினதில்ல."

"ஏன் ஏறினதில்ல?"

"குதிரை உசரம். நான் ஏறணும்னா ஏணி வேணும். ஏணியத் தூக்கிட்டுப் போனா குதிரை பயந்து ஓடிப்போயிரும்."

இந்தப் பேச்சு நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் பார்க்கப் போயிருந்தபோது நடந்தது. அன்று ஜெய்னப் விழுந்து விழுந்து சிரித்தாள். சின்னத்தாவும் சிரித்தார். அந்த நேரம் தெருவில் ஒரு வெள்ளைக் குதிரை போனது. சின்னத்தா சிரிப்பதை நிறுத்திவிட்டு, அது முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். ஜெய்னபுக்கு அது மறக்கவே இல்லை.

சின்னத்தா என்றால் ஜெய்னபின் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தம்பி. பெயர் அபுதாஹிர்; அத்தா 'தாகிரு' என்று கூப்பிடுவார். வயது முப்பத்திரண்டு. உயரம் மட்டும் பன்னிரண்டு வயதுப் பையனின் உயரம்.

அவர்களுடையது ராவுத்தர் குடும்பம். ராவுத்தர் என்றால் குதிரை வீரர் என்று பொருள். முன்னோர்கள் குதிரை வியாபாரம் செய்தார்கள். இப்போது அத்தா ராஜபாளையத்தில் பருத்தி வியாபாரம் செய்கிறார். சின்னத்தாவோ மலையடிவாரத்தில் இருக்கும் மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். தோப்புக்கு மூன்று மைல். தினமும் நடந்து போய் நடந்து வருவார்.

"குதிரை ஏறாத ராவுத்தர் போறாருடோய்" என்று கடைத்தெருவில் யாராவது கேலி செய்வார்கள்.

"ஆமா, குதிரைக்குக் கால் வலிக்குமேன்னு நான் நடக்கேன்" என்பார் சின்னத்தா.

சின்ன வயதில் ஒரே ஒரு தடவை, ஏறிப் பார்க்கட்டுமா என்று அவர் கேட்டாராம். "மொதல்ல ஆட்டுக்குட்டியில ஏறிப் பழகு" என்று யாரோ சொல்ல, நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. அம்மா சொல்லித்தான் ஜெய்னபுக்கு இது தெரியும்.

ஓதுகிற பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று ஜெய்னபும் தம்பி ஹுமாயூனும் சின்னத்தாவோடு தோப்புக்குப் போவார்கள். ஜெய்னபுக்குப் பத்து வயது. நடந்துவிடுவாள். ஹுமாயூனுக்கு எட்டு வயது. பாதி வழியிலேயே, "கால் வலிக்கி" என்று உட்கார்ந்துவிடுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை சின்னத்தா அவனை முதுகில் சுமந்தபடி வீடு வந்து சேர்ந்தார். வாசலில் நின்ற அத்தாவுக்கு, தூரத்தில் வரும்போது யார் யாரைச் சுமக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

"இது சரிப்படாது" என்றார் அத்தா. "ஒரு மட்டக்குதிரை வாங்கிருவோம். புள்ளைக ஏறிக்கிடட்டும். நீ கயித்தப் பிடிச்சுக் கூட நட. எம்புட்டு உசரம் தோதுப்படும்னு அளந்து சொல்லு, தாகிரு."

சின்னத்தா ஜெய்னபைத் தூண் ஓரம் நிறுத்தினார். தரையிலிருந்து சாண் சாணாகக் கையை வைத்து அளந்தார். அவள் தோளுக்கு நேராகக் கரித்துண்டால் ஒரு கோடு போட்டார்.

"ஏழு சாண்" என்றார்.

ஜெய்னப் உள்ளே போனாள். போனவள் கதவோரத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

சின்னத்தா இப்போது தூண் பக்கத்தில் தானே நின்றுகொண்டிருந்தார். கரிக்கோடு அவருடைய நெஞ்சுக்கு நேராக இருந்தது. குதிரையின் முதுகில் கை வைப்பதுபோல அவர் அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். 

ஜெய்னபுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் அத்தாவிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் திண்டில் சாய்ந்தபடி நான்கு வியாபாரிகள் அத்தாவோடு பேசிக்கொண்டிருந்தார்கள். யாராவது மறுபடியும் ஆட்டுக்குட்டி என்று சொல்லிச் சிரித்துவிட்டால்?

அவள் சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் குதிரை விற்கும் மலைச்சாமிக்கு அத்தா ஆள் மூலம் சொல்லிவிட்டார். "ஏழு சாண் உசரத்துல, சாதுவா ஒரு குதிரை."

அடுத்த வாரம் அத்தா, சின்னத்தா, பிள்ளைகள் என நால்வரும் வில்வண்டியில் புறப்பட்டார்கள். அப்போது அந்தப் பக்கம் ரயில் வரவில்லை. விடிந்து புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம்.

மலைச்சாமி ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். ஹுமாயூன் அண்ணாந்து பார்த்தான். பிறகு மெதுவாக அக்காவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"என்ன மலைச்சாமி, கோபுரத்தக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீரு?" என்றார் அத்தா.

"நீங்க சொன்ன ஏழு சாண்தான் ராவுத்தரே. ஒரு விரல் அகலங்கூடக் கூடுதல் கிடையாது." மலைச்சாமி கையை விரித்து அளந்து காட்டினார். ஏழுதான் வந்தது.

"ஏலே தாகிரு, நீ சரியா அளந்தியா?"

"அளந்தேன் அண்ணே." சின்னத்தாவும் கையை விரித்து அளந்தார். எட்டு, ஒன்பது, பத்து. அதற்கு மேல் அவர் கைக்கு எட்டவில்லை.

"எனக்கு ஏழுதான் வருது."

"எனக்கு முடியவே இல்ல."

இருவரும் மாறி மாறி அளந்தார்கள். குதிரை பொறுமையாக வாலை ஆட்டியது.

"மாமா, கையைக் காட்டுங்க" என்றாள் ஜெய்னப். மலைச்சாமி காட்டினார். முறம் போல இருந்தது. "சின்னத்தா, உங்க கைய அது மேல வைங்க."

சின்னத்தாவின் கை அந்தக் கைக்குள் அடங்கி, சுற்றிலும் இடம் மிச்சம் இருந்தது.

மலைச்சாமி ஓவென்று சிரித்தார். "சரியாப் போச்சு. சாணு ஒண்ணுதான், கை வேறல்லா!"

"அப்ப ஏறப்போற ஹுமாயூன் கையால அளந்துருவோம்" என்றார் அத்தா.

மலைச்சாமி கொட்டிலிலிருந்து ஒரு குட்டியூண்டு குதிரையைக் கொண்டுவந்தார். ஹுமாயூன் கையால் சரியாக ஏழு சாண். அவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "இதுதான் வேணும். இது என்னை மாதிரியே இருக்கு."

"முடிஞ்சது. இதையே ஓட்டிட்டுப் போவோம்" என்றார் அத்தா.

ஜெய்னப் யோசித்தாள். இதை வாங்கிவிட்டால், சின்னத்தா என்றைக்கும் கயிற்றைப் பிடித்து நடக்க வேண்டியதுதான். அவள் அவரைப் பார்த்தாள். அவர் எதிரே நின்ற பூவரச மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தா, ஹுமாயூன் வளந்துருவானே" என்றாள் அவள். "போன பெருநாளுக்குத் தச்ச சட்டை இப்பப் பத்தல. அடுத்த வருசம் இந்தக் குதிரையும் பத்தாது."

அத்தா தாடியைத் தடவினார். "அதுஞ் சரிதான். வளராத கையா இருந்தா நல்லது."

"வளராத கை இங்க இருக்கு" என்று சின்னத்தா தன் கையை உயர்த்திக் காட்டினார். "முப்பத்திரண்டு வருசமாச் சோதிச்சாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அது யாரையும் குத்தாத சிரிப்பு.

மலைச்சாமி சற்று நேரம் யோசித்தார். பிறகு கொல்லைப் பக்கம் போய் ஒரு பழுப்பு நிற மட்டக்குதிரையை அழைத்து வந்தார். முதுகில் சேணம் இருந்தது. "மம்சாபுரத்துக்கும் வன்னியம்பட்டிக்கும் சோளம் சுமந்த பொண்ணு இது. எளவட்டம்தான், ஆனா குணத்துல கெழவி. கோவமே வராது."

சின்னத்தா அளந்தார். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு.

"இது எம்புட்டுப் பாரம் தாங்கும் மாமா?" என்று ஜெய்னப் கேட்டாள்.

"முழு மூட்டை சோளம் சுமக்குமே."

"மூட்டைக்குப் பதிலா ஒரு ஆளு?"

"ரொம்பப் பெரிய ஆளு இல்லன்னா, தாராளமா."

ஹுமாயூனுக்கும் அதைப் பிடித்துப்போனது. அது அவன் தொப்பியை முகர்ந்து பார்த்ததுதான் காரணம். அத்தா விலை பேசி முடித்துவிட்டு, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

"அங்கவடிய அளவு பாத்துக் கட்டும்மா" என்றார் மலைச்சாமி. அங்கவடி என்பது ஏறுகிறவர் கால் வைக்கும் இரும்பு வளையம். அது ஒரு தோல் வாரில் தொங்கும். "ஏறுற ஆளு கை எம்புட்டு நீளமோ, வாரும் அம்புட்டு நீளம் இருக்கணும்."

ஜெய்னப் திரும்பினாள். "சின்னத்தா, கையக் கொடுங்க."

"கயித்தப் பிடிக்கிறவனுக்கு எதுக்கு அளவு?"

"கொடுங்களேன்."

அவர் கொடுத்தார். அவள் வாரை அவர் கையோடு சேர்த்து, விரல் நுனியிலிருந்து அக்குள் வரை பிடித்துப் பார்த்தாள். அந்த அளவில் கொக்கியை மாட்டினாள்.  சின்னத்தா கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முகத்தைத் துடைத்தபடி வந்த அத்தா நின்றார். "என்னம்மா இது? ஹுமாயூன் கால் எட்டாதே."

"வெள்ளிக்கிழமை மட்டும் சுருக்கிக் கட்டிக்கிடுவோம் அத்தா."

"மத்த ஆறு நாளும்?"

"மத்த ஆறு நாளும் சின்னத்தா தோப்புக்குப் போவாங்க. குதிரை வீட்டுல சும்மாதான் நிக்கும்."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. மிச்சத்தைச் சொல்ல வேண்டியவர் அவள் இல்லை.

அத்தா தொங்கிய அங்கவடியைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். தம்பியின் உள்ளங்கை குதிரையின் முதுகில் இருந்தது. குதிரையின் முதுகு சரியாக அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

அத்தா அருகில் வந்து, தம்பியின் கையிலிருந்த கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"தாகிரு, என்னமோ கேக்க நினைக்கிற மாதிரி இருக்கே. கேளு."

சின்னத்தா தொண்டையைச் செருமினார். ஒரு தடவை ஜெய்னபைப் பார்த்தார். ஒரு தடவை குதிரையைப் பார்த்தார்.

"அண்ணே, நான் ஒருக்க ஏறிப் பாக்கட்டுமா?"