எட்டு விளக்கும் எரியவில்லை!

"ஐயோ... நான் எடுக்கலீங்க மொதலாளி!"

அழகமுத்துவின் அலறலில் அந்தக் கண்டி நகைக்கடையே அதிர்ந்தது.

இருபது வருடமாக அங்கே நகை எடுத்துக் காட்டுபவர். மஹய்யாவையில் வீடு. மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். இன்னும் பத்து நிமிடத்தில் பொலிஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும்!

காலையில் நீலக்கல் அட்டிகை மாயம். அந்த நேரம் பார்த்துக் கெமராவும் கண்ணை மூடிவிட்டது.

கெமராவைப் பழுதுபார்க்க வந்த ஷஹ்மா பையைத் திறக்கும் முன்பே ஒரு குரல்.

"கேபிள இவன்தான் அறுத்திருக்கான் மாமா!"

தினுஷன்! முதலாளி திருச்செல்வத்தின் மாப்பிள்ளை. நெட்வேர்க் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு, ஒரு வயரைக்கூடத் தொடாதவன்.

"இந்தப் பிளக்க கழட்டவா?" என்றாள் ஷஹ்மா.

"பிளக் இல்ல... கனெக்டர்!"

"அது வந்து சேர்ற பெட்டி..."

"பெட்டியா? சுவிட்ச்! எல்லா கேபிளும் வந்து சேர்ற எடம். இதுகூடத் தெரியாதா?"

அடேயப்பா! வாயாலேயே கடை முழுக்கக் கேபிள் இழுத்துவிடுவான் போலிருந்தது.

கேபிளின் ஒரு நுனியை டெஸ்டரில் செருகினாள். மறு நுனியை அதன் ஜோடிப் பெட்டியில். உள்ளே எட்டு வயர். வயருக்கு ஒன்றாக டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிய வேண்டும்.

ஒன்றுகூட எரியவில்லை!

"அறுந்துதான் ஈக்கு," என்றாள் ஷஹ்மா.

"பாத்தீங்களா மாமா? நான் சொன்னேன்ல!"

ஷஹ்மாவுக்குச் சுருக்கென்றது. கெமரா நின்றுபோக ஆயிரம் காரணம்... கரண்ட் போயிருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம். டெஸ்ட் செய்யுமுன்னே, அறுந்தது என்று இவனுக்கு யார் சொன்னது?

டெஸ்டரை உற்றுப் பார்த்தாள்.

"மொதலாளி... ஒம்பது மீற்றர்ல அறுந்தீக்கு. சரியா ஒங்கட மாப்பிள்ளட ரூமுக்கு மேல!"

"பொய்!" துள்ளினான் தினுஷன். "என் ரூம் இல்ல! பதினாலு மீற்றர்... ஸ்டோர் ரூம் சீலிங்குக்கு மேல!"

"ஒனக்கு எப்படித் தெரியும்?" திருச்செல்வம் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"டெ... டெஸ்டர்ல..."

"இந்த டெஸ்டருக்கு அறுந்ததா இல்லயான்டு மட்டுந்தான் தெரியும்," என்றாள் ஷஹ்மா. "எங்க அறுந்ததுன்டு, அறுத்த ஆளுக்குத்தான் தெரியும்!"

ஏணி வந்தது. ஸ்டோர் ரூம் சீலிங் பலகை விலகியது. வெட்டிய கேபிளுக்குப் பக்கத்தில்... அட்டிகை!

அழகமுத்து தரையில் உட்கார்ந்து விம்மினார். இருபது வருட மனிதரை இருபது நிமிடத்தில் திருடனாக்கிய முதலாளிக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

பொலிஸ் ஜீப் வந்தது. மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனது.

"நான் எப்படிம்மா ஏமாந்தேன்?" என்றார் திருச்செல்வம்.

ஷஹ்மா பையை மூடினாள்.

"கேபிள பொருத்த முந்தி நாங்க ரெண்டு பக்கமும் டெஸ்ட் பண்ணுவோம் மொதலாளி... மாப்பிள்ள எடுக்கக்குள்ள நீங்க சான்றிதழ மட்டும் பாத்தீங்க போல!"