ஜெர்மன் முனியாண்டி

காஜா பேராங் வாழ் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், முதல் உலகப் போர் இன்னும் முடியவில்லை.

1957. மலாயாவின் சுதந்திரத்துக்கு ஒரு வாரம். சங்கத் தலைவர் பொன்னுதுரைக்கு மட்டும் ஒரு பகைவன் பாக்கி இருந்தான். முச்சந்தியில் நின்ற ஜெர்மன் வியாபாரியின் கற்சிலை. தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டதற்காக ஊரே கூடி வைத்த சிலை. 1914-ல் போர் மூண்டதும் இங்கிலீஷ்காரன் அந்தத் துரையைக் குடும்பத்தோடு பிடித்து முகாமில் அடைத்தான். முந்தின நாள்வரை தொப்பியைக் கழற்றி, "குட்மார்னிங் துரை" என்று வளைந்த, துரையிடம் கணக்கெழுதிய கிராணி அப்பாசாமி, மறுநாள் சுத்தியலோடு போய்ச் சிலையின் மூக்கை உடைத்தார். கல் திருப்பி அடிக்காது என்று தெரிந்த வீரம்.

அந்த வீரரின் மகன்தான் பொன்னுதுரை. அதே பீடத்தில் அப்பாவின் சிமெண்டுச் சிலையை வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அப்பா மதுவிலக்குச் சங்கத்தையே நடத்தியவராயிற்றே!

ஒரே சிக்கல். பிறகு குடிவந்த சனங்களுக்கு ஜெர்மனியும் தெரியாது, போரும் தெரியாது. முறுக்கு மீசை, உருட்டு விழி, உடைந்த மூக்கு. முனியாண்டிதான் என்று முடிவுகட்டி, வெள்ளிக்கிழமை தோறும் சுருட்டும் பீரும் வைத்தார்கள்.

பொன்னுதுரை ஆட்களோடு போன சாயங்காலம், விளக்கேற்ற வந்த சந்திரமதி மறித்தாள்.

"சாமிமேல கை வைக்காதீங்க தலைவரே."

"சாமியா? அவன் ஜெர்மன்காரன்!"

"இருக்கட்டும்லா. நமக்கே இப்பதான் குடியுரிமை குடுக்கறாங்க. அவருக்கும் சேத்து எழுதிக் குடுங்களேன்."

ஆட்கள் சிரித்தார்கள். ஜெர்மன் துரை சாக்கடையில் விழுந்தார். துணி போர்த்திய அப்பாசாமி பீடமேறினார்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். துணியின் முடிச்சைச் சரிபார்க்கப் பொன்னுதுரை மட்டும் நின்றார்.

சுருட்டு வாடை.

எங்கும் நெருப்பில்லை.

துணிக்குள் யாரோ மூச்சு இழுக்கும் சத்தம். மூக்கில்லாதவன் இழுப்பதுபோல, சீறிச் சீறி.

"குட்மார்னிங், அப்பாசாமி."

தலைவரின் கை தானாகத் தொப்பியைக் கழற்றியது. முதுகு தானாக வளைந்தது.

"குட்மார்னிங் துரை."

மறுநாள் மேளதாளத்தோடு திறப்பு விழா. பொன்னுதுரை துணியை இழுத்தார்.

அப்பாவின் முகத்தில் மூக்கு இல்லை.

உதட்டில் ஒரு சுருட்டு. நுனி கனன்றுகொண்டிருந்தது.

பேச்சுத் தாளுக்காகச் சட்டைப் பையில் கைவிட்டார். விரலில் சில்லென்று தட்டுப்பட்டது, ஒரு சிமெண்டு மூக்கு.

சந்திரமதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முனியாண்டி திரும்ப ஏறிட்டாரு. கொஞ்சம் இளைச்சிருக்காரு, அவ்வளவுதான்."

மதுவிலக்குச் சங்க அப்பாசாமிக்கு இப்போது வாரம் ஒரு போத்தல் பீர்.