பருந்து இல்லாத வானம்

ராஜதாஸ் பழஞ்சோற்றுச் சட்டியோடு பின்முற்றத்தில் இறங்கியபோது, சேவல் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்து, பருந்து வந்துவிட்டது என்று குரல் கொடுத்தது.

கோழி வளர்க்கிற வீட்டில் பிறந்த யாருக்கும் அந்தக் குரல் தெரியும். கீரி வந்தால் கோழி கொக்கரிக்கும், ஊரைக் கூட்டும். பருந்துக்கு அப்படியில்லை. தொண்டையின் அடியிலிருந்து இழுத்து விடுகிற மெல்லிய, நீண்ட ஒரு க்ர்ர்ரீ. துருப்பிடித்த கிணற்றுக் கப்பியைத் தூரத்தில் யாரோ மெதுவாகச் சுற்றுவதுபோல் இருக்கும். அதன்பிறகு சத்தம் கூடாது. நின்ற இடத்திலேயே கல்லாகிவிட வேண்டும். கோழிகள் மரச்சீனிக் கிழங்குச் செடிகளின் அடியில் பாய்ந்து, குஞ்சுகளை இறக்கைக்குள் அள்ளி, கல்லாயின.

ராஜதாஸ் வானத்தைப் பார்த்தார். முந்தின நாள் மழையில் கழுவிக் காயப்போட்டதுபோல் இருந்தது வானம். ரப்பர் மரங்களின் உச்சிக்கு மேலே ஒரு பொட்டுகூட இல்லை.

"கெழவனுக்குக் கண்ணு பொட்டையாயிட்டு" என்று சேவலிடம் சொல்லிவிட்டுச் சோற்றை உதறினார். மற்ற நாட்களில் கோழிகள் அவர் பாதத்தின்மேல் ஏறி நின்று கொத்தும். அன்று எறும்புகள்தான் வந்தன.

அந்தச் சேவல் வந்து சேர்ந்ததே ஒரு கதை. பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவில் உள்ள அவர்களுடைய ஆலயத்தில் ஸ்தோத்திரப் பண்டிகை நாளன்று ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். வாழைக்குலை, மரச்சீனி, தேங்காய், ஆடு, கோழி என்று காணிக்கையாக வந்ததெல்லாம் விலை போகும். ஆனால் எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகிறவனைவிட, "சபைக்கே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுக்கிறவனுக்கு மதிப்பு அதிகம். திருப்பிக் கொடுத்தது மறுபடியும் ஏலத்துக்கு வரும். அப்படி ஒரே பூசணிக்காய் மதியம் வரைக்கும் விற்றுக்கொண்டிருந்ததுண்டு.

இந்தச் சேவல் இளசாக இருந்தபோது காணிக்கையாக வந்தது. எடுத்தவர்கள் எல்லாரும் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வருடமும் அப்படியே. ஆலய வேலைக்காரர் பொன்னுதாஸின் பராமரிப்பில் கல்லறைகளுக்கு நடுவே மேய்ந்து அதற்கு வயதாகிவிட்டது. ஒவ்வொரு பண்டிகைக்கும் பொன்னுதாஸ் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பார், யாராவது கைவிட்டு நெஞ்சைத் தடவிப் பார்த்து, "நல்ல இறைச்சி உண்டு" என்பார்கள், விலை ஏறும். தன்னுடைய இறைச்சிக்கு மனிதர்கள் விலை கூறுவதை இத்தனை தடவை கேட்டுவிட்டு உயிரோடு இருந்த கோழி பூமியில் வேறொன்று இருக்க வாய்ப்பில்லை.

ராஜதாஸுக்கு இந்தக் கணக்கு தெரியாது. பஸ் கண்டக்டராக இருந்த காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்கு வழியிலேயே கழிந்தன. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இது முதல் பண்டிகை. ஏலத்தில் எடுத்தார், சேவலின் காலைக் கட்டிப் பையில் போட்டார்.

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அண்ணா" என்றார் பொன்னுதாஸ், "அத ஆரும் கொண்டு போவ மாட்டாவ."

"பின்ன எதுக்கு வித்தியோ?"

ராஜதாஸ் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அடுத்த ஞாயிறு பேரன் எபினுக்கு ஞானஸ்நானம், அந்த விருந்துக்குத்தான் சேவல். மகள் ஷிஜி பிரசவத்துக்கு வந்தவள் இங்கேயே இருந்துவிட்டாள். ஞானஸ்நானம் முடிந்ததும் மருமகன் தாயையும் பிள்ளையையும் பாலராமபுரத்துக்கு அழைத்துப் போய்விடுவான். பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், கையை விடுவதில்லை. ஷிஜி முதல் அடி எடுத்து வைத்த அன்று ராஜதாஸ் நாகர்கோவில் வண்டியில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். அந்த அடி ஓமனா என்கிற பக்கத்து வீட்டுக்காரியின் கையில் போய் முடிந்ததாம். இந்தத் தடவை விடுவதாயில்லை. எபினுடைய முதல் அடி தன் கைக்குத்தான் வரவேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள். சாயங்காலமானால் கூடத்தில் சம்மணமிட்டு, இரண்டு கையையும் விரித்து, "வா மக்கா, வா" என்று உட்கார்ந்துவிடுவார். பிள்ளை சுவரைத் தட்டிச் சிரிப்பான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓலை கீறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பொன்னப்பனிடம் சேவலின் சேதியைச் சொன்னார்.

"எனக்க சாவலுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு, கேட்டீரா? என்னக் கண்டா பருந்துன்னு கூவுது."

"கிறுக்கு இல்ல ஓய். அதுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு."

"நானா சத்துரு? தீனி போடுகது ஆரு? கூடு அடைக்கது ஆரு? கீரிய வெரட்டுகது ஆரு?"

"திங்கியது ஆரு?"

"அது வேற."

"என்ன வேற?"

"சத்துருன்னா கண்ட ஒடனே ஓடணும். கோழி என்னக் கண்டா ஓடியா வரும். சத்துருவப் பாத்து ஓடியாற சீவன் லோகத்தில உண்டா?"

பொன்னப்பன் ஓலையைக் கீழே வைத்தார். "அது ஒம்மக்க சாமர்த்தியமாக்கும். கீரிக்கு அம்புட்டு சாமர்த்தியம் இல்ல. இருந்தா அதுவும் தீனி போட்டுத்தான் திங்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பொன்னப்பன்தான் முதலில் நிறுத்தினார். பலாமரத்து மூட்டில் கட்டியிருந்த அவருடைய ஆடு காலை மடக்கி, வயிற்றைத் தரையோடு ஒட்டி, காதைப் பின்னால் சாய்த்துப் படுத்திருந்தது. அது அசைபோடவில்லை. மதிலுக்கு மேலே தெரிந்த ராஜதாஸின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு என்ன கேடு?" என்றார் பொன்னப்பன். பிறகு ராஜதாஸின் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "நான் வாறேன்" என்று ஓலையை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு முற்றம் மாறியது. கோழிகள் முட்டையிடவில்லை, இட்டிருந்தாலும் அதை ஊருக்குச் சொல்லவில்லை. அடுக்களை ஜன்னலில் தினமும் வந்து மீன்தலைக்குச் சண்டை போடுகிற காக்கைகளைக் காணவில்லை. மாமரத்தில் இறங்கிக்கொண்டிருந்த அணில் பாதி வழியில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, அவர் கிணற்றடிக்குப் போய்த் திரும்பும்வரை வாலைக்கூட அசைக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால், ஈரமண் வாசனையும் ரப்பர் பாலின் புளித்த நாற்றமும் வழக்கம்போல் வந்தன. ஆனால் அவற்றோடு எப்போதும் கூடவே வருகிற அந்தக் கீச்சும் கொத்தும் சிறகடிப்பும், வானொலியை யாரோ அணைத்தமாதிரி, அவர் கால் படியில் பட்ட அந்த நொடியில் நின்றன. சேவல் மட்டும் ஒரு தடவை இழுக்கும். க்ர்ர்ரீ.

"ஒங்களுக்குத் தோணுகதாக்கும்" என்றாள் மனைவி புஷ்பபாய். ஆனால் கோழிக்குத் தீனி போடும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். அவளைக் கண்டதும் அவை ஓடிவந்தன.

வெள்ளிக்கிழமை, விருந்துக்குக் கறிக்கோழி சொல்லிவைக்க அமரவிளைக்குப் போனார். கிழட்டுச் சேவல் சாற்றுக்குத்தான் ஆகும், வருகிறவர்கள் அதிகம். கடையில் தீபு வெட்டிக்கொண்டிருந்தான். நனைந்த இறகின் வாசனை, வெந்நீர் ஆவி, கம்பிக்கூண்டுக்குள் வெள்ளைக் கோழிகளின் ஓயாத இரைச்சல். ராஜதாஸ் நடைபாதையிலிருந்து ஒரு காலை எடுத்துக் கடைக்குள் வைத்தார்.

இரைச்சல் நின்றது.

கூண்டுக்குள் கோழிகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்மூலைக்கு ஏறி, ஒட்டி, கழுத்தைத் தாழ்த்தின. பிறந்ததிலிருந்து வானத்தையே பார்த்திராத கோழிகள்.

தீபு கத்தியைத் தூக்கியபடி கூண்டைப் பார்த்தான். "அண்ணா, கொஞ்சம் தள்ளி நிக்கியளா?"

"நான் என்ன செய்தேன்?"

"ஒண்ணும் செய்யல்ல. இதுகளுக்க முன்னால வச்சு நான் நாளும் வெட்டுகேன், ஒண்ணும் பயப்படாது. இப்பவும் கத்தி எனக்க கையிலதான் இருக்கு." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆனா எல்லாம் பாக்குதது அண்ணனையாக்கும்."

ராஜதாஸ் சிரிக்கப் பார்த்தார். கூண்டின் கடைசியில் இருந்த ஒரு கோழியின் தொண்டையில் இறகுக்கு அடியில் ஏதோ துடிப்பது தெரிந்தது. அதற்கு அடுத்ததிலும். எல்லாவற்றிலும். ஒவ்வொன்றாக, மிகத் தெளிவாக. வீட்டுக்கு வந்த பிறகுதான், மூக்குக்கண்ணாடி காலையிலிருந்து டிவிக்கு மேலேயே இருந்தது தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து கையை விரித்தார். எபின் சுவரைப் பிடித்து நின்றான். சிரிக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தான்.

"பிள்ளைக்கு ஒறக்கம் வருது அப்பா" என்று ஷிஜி தூக்கிக்கொண்டு போனாள். வேகமாகப் போனாள்.

அவர் இரவெல்லாம் அதையே நினைத்துக் கிடந்தார். எல்லாவற்றுக்கும் அந்தச் சேவல்தான் காரணம். அதுதான் கோழிகளுக்குச் சொன்னது. கோழிகளைப் பார்த்து ஆடு. முற்றத்தில் கோழிகளோடு தவழ்கிற பிள்ளை. சொல்லிக்கொடுக்கிற வாயை அடைத்துவிட்டால் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு எப்படியும் அறுக்க வேண்டியதுதானே. நாளைக்கே. பிள்ளை மறந்துவிடும். பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. துவைகல்லில் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டுச் சேவலைத் தேடினார். அது ஓடவில்லை. கிணற்றுத் தூணுக்குப் பக்கத்தில் நின்று, ஒற்றைக் கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ராஜதாஸ் அசையாமல் நின்றார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியவில்லை. காற்று அவர் பக்கமாக அடித்தது. மழையின் முதல் துளி விழுந்தது.

பிறகு கை சூடாக இருந்தது. சேவல் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. கத்தி துவைகல்லிலேயே இருந்தது.

அடுக்களை வாசலில் அதை வாங்கிய புஷ்பபாய், கழுத்தைப் பார்த்தாள். அவருடைய விரல்களைப் பார்த்தாள். பின்னால் நகர்ந்து போனாள். முதுகைக் காட்டாமல்.

மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் இருட்டி, கரண்டும் போனது. ராஜதாஸ் கிணற்றடியில் கையைக் கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். விரலிடுக்கில் இருந்த வாசனை போகவில்லை. அது போக வேண்டும் என்று அவருக்கும் அவ்வளவாகத் தோன்றவில்லை. ஓட்டின்மேல் மழை, வாழையிலையில் மழை, வாளியில் மழை. அத்தனை மழைக்கும் அடியில், வீட்டுக்குள் பிள்ளையின் வளையல் சுவரில் உரசுவது கேட்டது. இங்கிருந்து கேட்டது.

முடிந்துவிட்டது என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். இனி அந்தச் சத்தம் வராது.

படியில் காலை வைத்தார்.

க்ர்ர்ரீ.

நின்றார். கோழிக்கூட்டைப் பார்த்தார். அங்கிருந்து இல்லை. சேவல் சட்டியில் கிடக்கிறது.

வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

அடுக்களையில் யாரும் இல்லை. சாறு பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. மிளகும் இஞ்சியும் கருகிய வாசனை. மேடையில் எமர்ஜென்சி விளக்கு எரிந்தது. பாதி நறுக்கிய உள்ளி. அரிவாள்மணை கவிழ்ந்து கிடந்தது.

"புஷ்பம்."

"ஷிஜி. எட்டீ."

மழை.

கூடத்து வாசலில் போய் நின்றார். எபின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். தனியாக. சின்ன முதுகு. திரும்பிப் பார்த்த ஈரமான கண்கள்.

ராஜதாஸ் மெதுவாகக் குனிந்தார். கைகளை விரித்தார்.

"வா மக்கா. தாத்தாவாக்கும். வா."

பிள்ளை சுவரை விட்டான்.

ஒரு அடி. ஆடினான். விழவில்லை. இன்னொரு அடி. நடக்கிறான்! சத்தமே இல்லாமல், வாயை மூடிக்கொண்டு, நெஞ்சு பதற, எபின் நடந்தான். ஓடினான்.

அந்தப் பக்கமாக.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இருட்டை நோக்கி ஓடினான். அங்கே ஷிஜி முழங்காலை மடக்கி, தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தாள். அவளுக்குமேல் புஷ்பபாய். சேலையின் தலைப்பை ஒரு கையால் விரித்துப் பிடித்திருந்தாள். பிள்ளை அதற்குள் நுழைந்தான். தலைப்பு மூடிக்கொண்டது.

யாரும் மூச்சுவிடவில்லை. யாரும் அழவில்லை. நின்ற இடத்தில் கல்.

புஷ்பபாய் மட்டும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தாள். ஒற்றைக் கண். இமைக்காத வட்டமான கண். முப்பது வருடத்துக்கும் மேலாக அவருக்குச் சோறு போட்டவளின் கழுத்தில், தொண்டையின் அடியில், ஏதோ இழுத்து ஏறியது.

க்ர்ர்ரீ.

நானாக்கும் என்று சொல்ல ராஜதாஸ் வாயைத் திறந்தார். வாய் நிறைய எச்சில். சேலைக்கு அடியில் மூன்று துடிப்புகள் கேட்டன. மிகச் சின்னது மிக வேகமாக.

அடுக்களை விளக்கு அவருக்குப் பின்னால் இருந்தது. கைகளை மடக்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். அவை மடங்கவில்லை. விரிந்த கைகளின் நிழல், ஓசையில்லாமல், கூடத்துத் தரையைக் கடந்து அவர்கள்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.