கேள்வி கேட்காமல் நீக்கு

போன் அடித்தது.

"எழில்... சீக்கிரம் வாம்மா. டெஸ்ட் ரூம் கதவு தொறக்க மாட்டேங்குது. உள்ள மாட்டிக்கினேன். சாம்சன் தரையில... செத்துட்டான் போல..."

மேனேஜர் ராஜசேகர்!

ஆபீஸ் கேட் எதிரே டீக்கடையில் நின்ற புரோகிராமர் எழிலரசி கிளாஸை வைத்துவிட்டு ஓடினாள். செக்யூரிட்டி யாக்கோபு பின்னாலேயே வந்தார்.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் மென்பொருளை ஏற்றுவதும் நீக்குவதும் பேக்கேஜ் மேனேஜர் என்ற புரோகிராமின் வேலை. ஒரகடம் தொழிற்சாலை ரோபோக்களுக்காக எழிலரசியின் டீம் செய்த பேக்கேஜ் மேனேஜருக்கு நாளை ஸ்டேபிள் ரிலீஸ், அதாவது இறுதி வெளியீடு. ஒன்றை நீக்கினால் அதை நம்பியிருப்பதும் சேர்ந்து போகும். 'இதெல்லாம் போகும், சம்மதமா?' என்று முன்பெல்லாம் கேட்கும். கஸ்டமருக்கு எரிச்சல் என்று ராஜசேகர் அந்தக் கேள்வியையே தூக்கிவிட்டார்.

"ரோபோவோட பிரேக்கே காணாம போயிடும் சார்" என்று டெஸ்டர் சாம்சன் ரிலீஸுக்கு ஒப்புதல் தர மறுத்தான்.

டெஸ்ட் ரூமின் கண்ணாடிச் சுவருக்கு உள்ளே...

சாம்சன் குப்புறக் கிடந்தான். தலையடியில் ரத்தம். ராஜசேகர், ரிலீஸ் விழாவுக்கு அடித்த டி-ஷர்ட்டால் மேஜை முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எழிலரசி கண்ணாடியில் அறைந்தாள்.

"இன்னா சார் ஆச்சு?"

"வழுக்கி வுழுந்துட்டான். நான் வர்றப்பவே இப்படித்தான்."

"பல்ஸ் பாத்தீங்களா?"

"ரத்தம்மா... எப்படி தொடறது?"

த்தூ!

யாக்கோபு தீயணைப்பு சிலிண்டரால் கண்ணாடியை மோத ஆரம்பித்தார். எழிலரசி வெளியே இருந்த கம்ப்யூட்டரைத் தட்டினாள். அந்தக் கதவு, கேமராவில் முகம் பார்த்துத் திறப்பது. கதவு, கேமரா இரண்டையும் ஓட்டுவது புது பேக்கேஜ் மேனேஜர் ஏற்றி உள்ளே வைத்திருந்த டெஸ்ட் மெஷின்தான்.

இப்போது இரண்டு மென்பொருளும் அதில் இல்லை!

"கேமரா சாஃப்ட்வேரை ஏன் சார் நீக்குனீங்க?"

"நானா..."

"நீங்க பண்ணதை கேமரா பாத்துடுச்சு. பதிவோட சேத்து அழிச்சீங்க. கேமராவை நம்பித்தான் கதவு கீது. அதுவும் கூடவே போயிடுச்சு. நீங்க தூக்குன அந்தக் கேள்வியை அது கேட்டிருந்தா நின்னிருப்பீங்க..."

ராஜசேகரின் முகம் வெளிறியது.

"தள்ளினேன், அவ்ளோதான். ஒப்புதல் தரமாட்டேன்னான்... எழில், நாளைக்கு ரிலீஸ்மா. பாத்து பண்ணு."

பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு ரிலீஸ்! இந்த ஆளையா இத்தனை நாள் சார் என்று கூப்பிட்டோம் என்று அவளுக்கு அருவருத்தது.

கண்ணாடி சிதறியது. யாக்கோபு ராஜசேகரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். எழிலரசி சாம்சனின் மணிக்கட்டைத் தொட்டாள்.

துடிப்பு இருந்தது!

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது சாம்சன் கண் திறந்தான்.

"அந்த பக்... கேக்காம நீக்குற தப்பு... ப்ரூவ் ஆச்சா?"

"ஆச்சுடா. மேனேஜரே உள்ள நின்னு டெஸ்ட் பண்ணிக் காட்டிட்டாரு."