வாடகைச் சப்பாத்து

சப்பாத்தின் உள்ளே சூடாக இருந்தது.

ஜெயமலர் கையை வெளியே இழுத்து விரல்களைக் கோட்டில் துடைத்தாள். நம்ப முடியாமல் மறுபடியும் உள்ளே விட்டுப் பார்த்தாள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும், அம்மிக்கல்லைப்போலக் கனத்த பனிச்சறுக்குச் சப்பாத்து அது. வெளியே பிளாஸ்டிக், உள்ளே தடித்த கம்பளி. அந்தக் கம்பளி சூடாகவும் கசகசவென்று ஈரமாகவும் இருந்தது, யாரோ இப்போதுதான் அதிலிருந்து காலை உருவிக்கொண்டு எழுந்து போனதைப்போல. ஆனால் வெளியே அவர்களுடைய காரைத் தவிர வேறு கார் இல்லை. சரிவில் ஒரு மனிதத் தலை இல்லை. ஆட்களை மேலே இழுத்துச் செல்லும் கயிறு மட்டும் வெறுமனே கிறீச்சிட்டபடி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஹீற்றருக்குப் பக்கத்தில வைச்சிருப்பினம்," என்றார் சண்முகலிங்கம்.

அவளுடைய கணவரிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். இந்த இடத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

அவர்களுடைய மகள் நிரூபாவின் வகுப்பு சனவரியில் பனிச்சறுக்குக்குப் போனபோது, ஜெயமலர் மகளை அனுப்பவில்லை. அங்கே வாடகைச் சப்பாத்து என்று கேள்விப்பட்ட உடனேயே அவளுக்குக் குமட்டியது. எத்தனை பேரின் கால் போய் வந்த சப்பாத்து! கனடாவில் அவளுடைய முதல் குளிர்காலத்தில் யாரோ இரக்கப்பட்டு ஒரு பழைய கோட்டைக் கொடுத்தார்கள். திரும்பத் திரும்பத் தோய்த்தும், கழுத்துப் பட்டியில் அந்நியப் பெண் ஒருத்தியின் வியர்வை மணம் போகவில்லை. கோட்டுப் பையினுள்ளே அந்தப் பெண்ணின் நரைமயிர் ஒன்று சுருண்டு கிடந்தது. பஸ் தரிப்பில் நின்று ஜெயமலர் சத்தி எடுத்தாள். தன் பிள்ளையின் உடம்பில் இன்னொருவரின் ஊத்தை படவே கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டாள். ரொறன்ரோவில் அவர்கள் குடியிருக்கும் வெக்ஸ்போர்ட்டில் அவர்களைத் தெரிந்தவர்கள் அவளைச் 'சுத்தக்காரி' என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

ஆனால் வகுப்பு முழுவதும் போக, தனியே நூலகத்தில் இருந்துவிட்டு வந்த நிரூபா, அதற்குப் பிறகு தாயோடு பேசவில்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதமா என்று முதலில் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. பெப்ரவரியில்தான் சண்முகலிங்கம் ஒரு வழியோடு வந்தார்: வேலைத்தலத்தில் யாரோ சொன்ன இடம், ரொறன்ரோவுக்கு வடக்கே, ஒருவருக்கும் தெரியாத ஒரு சின்ன மலை.

"கன சனம் போற இடத்திலதானே கன சனத்தின்ர கால். அங்க ஒருத்தரும் போறேல்லையாம். பிறகென்ன?"

இந்தக் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. ஆனால் நிரூபா ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்துவிட்டாள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே ஓசைக்குப் பதில் மணம் வந்தது. அல்ப்ஸ் மலை வீடுகளைப்போல மரத்தில் கட்டி, சன்னலுக்குக் கீழே பிளாஸ்டிக் பூக்கள் வைத்திருந்த அந்தக் கட்டடத்தின் கதவைத் திறக்க முன்னரே, மூடிவைத்து மறந்த பழஞ்சோற்றின் புளிப்பும், ஈரக் கம்பளியும், கால்விரல் இடுக்குகளின் அழுக்கும் சேர்ந்த ஒரு வாடை அவளுடைய மூக்கில் ஏறி, நாக்கின் அடிவரை இறங்கியது. கைக்குட்டையில் யூக்கலிப்டஸ் தைலத்தை விட்டு மூக்கில் வைத்துக்கொண்டாள்.

உள்வாசலில் மூவரும் பழக்கதோஷத்தில் தங்கள் சப்பாத்துகளைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். அவருடைய கறுப்பு, அவளுடைய மண்ணிறம், நிரூபாவின் ஊதா. வீட்டுக்குள் வருகிறவர்கள் வேறென்ன செய்வார்கள்?

இடத்தை நடத்தும் கிழவி, உட்கார்ந்து சப்பாத்து மாட்டும் மர வாங்கு ஒன்றின் ஓரமாக நின்று அதைப் பார்த்தாள். அகன்ற தோள், பெரிய சிவந்த கைகள், முழங்கால்வரை ரப்பர் ஏப்ரன். அதுவரை இறுகிக் கிடந்த அவளுடைய முகம் மெல்ல மலர்ந்தது.

"தாங்களாகவே கழற்றித் தருகிறவர்கள் குறைவு," என்றாள் ஆங்கிலத்தில். வாடகைச் சோடிகள் இரண்டை வாங்கில் வைத்துவிட்டு, அவர்களுடைய மூன்று சோடிகளையும் குழந்தையைத் தூக்குவதுபோல அணைத்து எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் போனாள்.

ஜெயமலர் அந்த இடைவேளைக்காகத்தான் காத்திருந்தாள். கைப்பையிலிருந்து தமிழ்க் கடைப் பிளாஸ்டிக் பைகள் இரண்டை எடுத்தாள். காலுறையை உருவி, நிரூபாவின் இடது காலை ஒரு பைக்குள் விட்டு, கணுக்காலில் இறுக்கிக் கட்டி, மேலே காலுறையைப் போட்டாள். நகங்களில் மகள் திருட்டுத்தனமாகப் பூசிய நீலக் கியூடெக்ஸ். இன்னொரு நாளாக இருந்தால் அதற்கொரு பூசை நடந்திருக்கும்.

"அம்மா, சோ எம்பரசிங்," என்றாள் நிரூபா.

"வாயைப் பொத்து. மற்றக் காலைத் தா."

கிழவி திரும்பி வந்துவிட்டாள். மற்றப் பையை ஜெயமலரின் கையிலிருந்து பிடுங்கிக் கசக்கி, மூலையில் எரிந்த விறகடுப்பில் போட்டாள். நிரூபாவின் வலது காலுறையையும் கழற்றி எறிந்தாள். "கம்பளி தோலில் படவேண்டும்," என்று சொல்லி, வெறும் காலை அந்தச் சூடான வாய்க்குள் தள்ளி, கொளுக்கிகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். அதற்குள் ஜெயமலர் இடது காலை மற்றச் சப்பாத்துக்குள் நுழைத்துவிட்டாள்; கிழவி அதைக் கவனிக்கவில்லை. சண்முகலிங்கம் யாரும் சொல்லாமலே தன் காலுறைகளைக் கழற்றினார்.

"ஆகா, நல்ல இதமா இருக்கு," என்றார். "உமக்கும் எடுக்கட்டே?"

"எனக்கு வேண்டாம்!"

அவர்கள் வெளியே போனார்கள். காலுறையோடு நின்ற ஜெயமலரின் பாதங்களுக்குக் கீழே கம்பளம் பிசுபிசுத்தது. எதையும் தொடாமல், எதிலும் சாயாமல், சன்னலருகே நின்று அவள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிரூபா விழுந்தாள், எழும்பினாள், கயிற்றைப் பிடித்து மேலே போனாள், கைகளை விரித்துக் கத்திக்கொண்டு சறுக்கி வந்தாள். கண்ணாடிக்கூடாகவும் அந்தச் சிரிப்புக் கேட்டது. இந்தச் சிரிப்புக்காக இந்த நாற்றத்தைப் பொறுக்கலாம் என்று ஜெயமலர் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தாள். உள்ளறையிலிருந்து வந்தது. போர்வைக்குள் யாரோ புரண்டு படுப்பதைப் போன்ற, கம்பளியில் தோல் உரசும் மெல்லிய சத்தம். எட்டிப் பார்த்தாள். தரையிலிருந்து கூரை வரை மரத்தட்டுகள். தட்டு நிறையச் சப்பாத்துகள். பனிச்சறுக்குச் சப்பாத்துகள் அல்ல. மனிதர்கள் தெருவில் போட்டு வருகிறவை. குதி உயர்ந்தவை, தொழிற்சாலைச் சப்பாத்துகள், தூசி படிந்த ஒரு சின்ன வெள்ளைச் சோடி. அடித்தட்டில் அவர்களுடைய மூன்று சோடிகள்.

மேல்தட்டில் ஒரு சப்பாத்தின் நாக்கு மெல்ல எழும்பியது. தாழ்ந்தது.

எலி, என்று சொல்லிக்கொண்டாள். எலியாகத்தான் இருக்கவேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டாள்.

"அம்மா, வலது கால் கடிக்குது." நிரூபா வாங்கில் வந்து இருந்தாள். கன்னங்கள் சிவந்திருந்தன. பின்னால் வந்த சண்முகலிங்கம் அடுப்பருகே நின்றபடி, கழற்றவே மனமில்லை என்றார்.

ஜெயமலர் குனிந்தாள். முதலில் இடது கால். பை வியர்த்திருந்தது. உள்ளே வெளிறிச் சுருங்கிய சின்னப் பாதம், நீல நகங்கள். அப்பாடா என்று இருந்தது.

வலது கால். கொளுக்கிகளைத் திறந்தாள். இழுத்தாள். வரவில்லை. முழங்காலால் முட்டுக்கொடுத்து மறுபடி இழுத்தாள். சேற்றிலிருந்து எதையோ பிடுங்குவதுபோல ஒரு சத்தம்.

வந்தது.

அகன்ற பாதம். மஞ்சள் நிறத்தில் தடித்து வளைந்த நகங்கள். பெருவிரலில் நரைமயிர். வெடித்த குதிக்கால், வெடிப்புகளில் கறுப்பு. விரல் இடுக்குகளில் வெள்ளையாக அவிந்த தோல். அந்தப் புளித்த வாடை. கணுக்காலுக்கு மேலே அவளுடைய பிள்ளையின் மெல்லிய கால். நடுவில் வெட்டில்லை. தழும்பில்லை. அப்படியே தொடர்ந்தது.

"என்னம்மா அப்பிடிப் பாக்கிறீங்கள்?" நிரூபா கேட்டாள். மஞ்சள் விரல்கள் அசைந்தன. "குளிருது. திருப்பிப் போட்டு விடுங்கோ. உள்ளுக்கு நல்ல வோமா, சூடா இருந்தது."

ஜெயமலர் அந்தப் பாதத்திலிருந்து கையை எடுத்தாள். இது என் பிள்ளையின் கால் இல்லை. அப்படியானால் அது எங்கே?

உள்ளறைக்குள் ஓடினாள். அடித்தட்டின் முன் முழந்தாளிட்டாள். கறுப்புச் சப்பாத்து முன்னால் இருந்தது. எதையும் தொடாத அவள் உள்ளே கையை விட்டாள்.

சூடு. ஈரம். விரல்கள். ஐந்து.

"ஆரப்பா என்ர காலைக் கூசப் பண்ணுறது?" அடுப்பருகே சண்முகலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார்.

கையை இழுத்தாள். ஊதாச் சோடி. இடதில் கையை விட்டாள். குளிர்ந்து, வெறுமையாக இருந்தது. வலது.

சின்னக் குதிக்கால். மெல்லிய பாதம். அவளுக்குத் தெரிந்த பாதம். பிறந்த அன்றே அவள் முத்தமிட்ட பாதம். அதன் விரல்கள் வளைந்து அவளுடைய சுட்டுவிரலைப் பற்றின.

"அம்மா, விடுங்கோ! கூசுது!" வாங்கிலிருந்து நிரூபா சிரித்தாள்.

இழுத்துப் பார்த்தாள். கம்பளியோடு கம்பளியாக ஒட்டியிருந்தது. பிய்த்தால் வரும்போலிருந்தது. சிரிப்பு நின்றது.

"அம்மா! நோகுது!"

இழுப்பதை நிறுத்தினாள். பற்றிய விரல்கள் விடவில்லை. அவளும் விடவில்லை.

பின்னால் ஏப்ரன் உரசியது. கிழவி வந்து அவளருகே தரையில் இருந்தாள். மடியில் ஒரு சோடி பனிச்சறுக்குச் சப்பாத்து. ஆவி பறந்தது.

அடித்தட்டில் மண்ணிறச் சோடி வாய் திறந்து காத்திருந்தது.

பெரிய சிவந்த கை ஜெயமலரின் காலுறையை உருவியது. ஓடலாம். கதவு திறந்துதான் கிடந்தது. உதறிவிட்டு எழும்பி ஓடலாம். ஊதாச் சப்பாத்துக்குள் சின்ன விரல்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தன, பால்குடி நாளில் பிடித்தது போலவே.

அவள் எழும்பவில்லை. யாரோ ஒருத்தியின் வியர்வையில் ஊறிய சூடான கம்பளி, முதலில் அவளுடைய பெருவிரலைத் தொட்டது. பிறகு மற்ற விரல்களை. பிறகு, நக்குவதுபோல, பாதம் முழுவதையும்.